சுற்றிவர ஒரு கடற்கரை

இந்தக் கடலை வரையச் சொல்லிக் கேட்டவர்கள் முதலீட்டாளர்கள். 1880இல் பெல்ஜியக்காரர்கள் சிலர் சேர்ந்து ஒரு பங்கு நிறுவனம் தொடங்கினார்கள். நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் வட்டமாக ஒரு கட்டடம் எழுப்புவது, உட்சுவரைச் சுற்றிக் கடற்காட்சி ஒன்றை மாட்டுவது, நுழைவுச்சீட்டு விற்று வருகிற பணத்தைப் பங்கு போட்டுக்கொள்வது. திட்டம் இவ்வளவுதான். யார் வரைவது என்ற கேள்விக்கு அந்த ஊரில் அதிகம் யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஹென்ட்ரிக் வில்லெம் மெஸ்டாக் அங்கேயே இருந்தார். கடலை வரைந்தே பெயரும் பணமும் சேர்த்திருந்தார்.

ஸேஸ்ட்ராட் என்னும் தெருவில் அந்தக் கட்டடம் இன்றும் இருக்கிறது, உள்ளே ஓவியமும் இருக்கிறது. உயரம் ஏறத்தாழ 14 மீட்டர், சுற்றளவு ஏறத்தாழ 120 மீட்டர். பரப்பு 1,680 சதுர மீட்டர். சென்னை மனைக் கணக்கில் ஏழரை கிரவுண்டு. ஊர்க்காரர்கள் அதை 'பனோரமா மெஸ்டாக்' என்கிறார்கள். ஸ்கேவனிங்கன் என்ற மீனவர் ஊரின் கடற்கரையும் படகுகளும் மணல்மேடுகளும் வீடுகளும், 1881ஆம் ஆண்டு இருந்தபடி, அதில் சுற்றிவர நிற்கின்றன.

பனோரமா அந்தக் காலத்தில் நன்கு பழகிப்போன தொழில். எடின்பரோவில் ஓவியராக இருந்த அயர்லாந்துக்காரர் ராபர்ட் பார்க்கர் 1787இல் அதற்குக் காப்புரிமை வாங்கினார். 1793இல் லண்டனின் லெஸ்டர் சதுக்கத்தில் அதற்கென்றே வட்ட மண்டபம் கட்டினார். பார்ப்பவர் நடுவில் ஒரு மேடையில் நிற்பார். எந்தப் பக்கம் திரும்பினாலும் காட்சி தொடர்ந்துகொண்டே போகும், எங்கும் முடியாது. அந்த மோகம் சில பத்தாண்டுகள் ஓடி அடங்கியது, 1870களில் மறுபடி கிளம்பியது. இரண்டாம் சுற்றில் அதைக் கையில் எடுத்தவர்கள் கம்பெனிக்காரர்கள். ஓவியத் துணியின் அளவைக்கூட ஏறத்தாழ ஒரே மாதிரியாக்கிவிட்டார்கள். ஓர் ஊரில் கூட்டம் குறைந்தால் துணியைச் சுருட்டி ரயிலேற்றி, வேறோர் ஊர் மண்டபத்தில் விரித்துவிடலாம். ஹேக் ஓவியத்தின் நீள உயரங்களும் அந்தச் சந்தை அளவை ஒட்டியவைதான். படைப்பாளியின் உள்ளத்தில் பொங்கிய பேரளவு என்று அதைப் பற்றி உருகுகிறவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது.

கூட்டம் சேர்க்க அந்தக் கம்பெனிகள் பெரிதும் நம்பியது போர்களை. அதே 1881இல் ஜெனீவாவில் திறக்கப்பட்டது, தோற்றுப்போன பிரெஞ்சுப் படை பனியில் சுவிட்சர்லாந்து எல்லையைக் கடக்கும் காட்சி. 1883இல் பெர்லினில் செடான் போர், சிகாகோவில் கெட்டிஸ்பர்க் போர். புகை, செத்த குதிரை, கொடி, தளபதி. சீட்டு வாங்கி வருகிறவர் அதைத்தான் எதிர்பார்த்தார். மெஸ்டாக் கொடுத்ததோ ஒன்றுமே நடக்காத ஒரு நாள். படகுகள் மணலில் கிடக்கின்றன. சில கடலில் இருக்கின்றன. மேகம் மெலிதாகப் பரவியிருக்கிறது. யாரும் சாகவில்லை.

மெஸ்டாக் தொழில்முறையில் முதலில் ஓவியர் அல்ல, வங்கிக்காரர். 1831இல் வட நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் பிறந்தார், அப்பாவின் வங்கியிலேயே வேலை பார்த்தார், மாலையில் வரைவார். 1856இல் மரவியாபாரி ஒருவரின் மகள் சீன்ட்யே ஃபான் ஹௌட்டனை மணந்தார். அவர் வழியாக வந்த குடும்பச் சொத்துதான் பிறகு வங்கியை விட்டு வெளியேறும் துணிவைத் தந்தது. 1866இல், 35 வயதில், மனைவியும் சிறு மகனுமாக பிரஸ்ஸல்ஸுக்குப் போய் வில்லெம் ருலோஃப்ஸ் என்ற நிலக்காட்சி ஓவியரிடம் மாணவராகச் சேர்ந்தார். அங்கே ஏற்கெனவே குடியிருந்த உறவினர் ஒருவர் கைகொடுத்தார்: பின்னாளில் லண்டனில் புகழ்பெற்ற லாரன்ஸ் அல்மா-தடேமா.

1868 கோடையில் ஜெர்மனியின் நோர்டர்னை தீவுக்குப் போனபோது, இனி வரைந்தால் கடலைத்தான் என்று முடிவாயிற்று. கடலை வரைய வேண்டுமானால் தினமும் பார்க்க வேண்டும் என்பது அவர் கணக்கு. அடுத்த ஆண்டே ஹேக்குக்குக் குடிபெயர்ந்தார். ஸ்கேவனிங்கனில் கடலைப் பார்த்த அறை ஒன்றையும் வாடகைக்குப் பிடித்தார். 1870இல் பாரிஸ் சலோன் கண்காட்சியில் அவருடைய வடகடல் அலைகளுக்குத் தங்கப்பதக்கம் கிடைத்தது. நாலே ஆண்டுப் பயிற்சியில் வந்த பதக்கம். மறுவருடம் அவர்களுடைய ஒரே மகன் கிளாஸ் எட்டு வயதில் இறந்துபோனான். சீன்ட்யே முழுமூச்சாகத் தூரிகை எடுத்தது இந்த ஆண்டுகளில்தான்.

அதற்குப் பிறகு பத்து ஆண்டுகள் மெஸ்டாக் கடலைப் பார்த்தபடியே நின்றார் என்று சொல்லலாம். அவருடைய சட்டமிட்ட ஓவியங்களைத் தொகுப்பாகப் பார்த்தால் சலிப்பு தட்டும். முன்னால் நுரை, நடுவில் இரண்டு மூன்று பழுப்புப் பாய், பின்னால் சாம்பல் வானம். கரைசேரும் படகு, கரைவிட்டுப் போகும் படகு, நங்கூரமிட்ட படகு. நன்றாக விற்றன, ஆகவே மேலும் வரைந்தார். சட்டத்துக்குள் வரைகிறவருக்கு ஒரு வசதி உண்டு. வேண்டாததை ஓரத்தோடு வெட்டிவிடலாம். குளியல் விடுதியை வெட்டலாம், லாந்தர் கம்பத்தை வெட்டலாம், முதுகுக்குப் பின்னால் இருக்கும் ஊரைப் பற்றிக் கவலையே வேண்டாம். வட்ட ஓவியத்தில் அந்த வசதி இல்லை. நின்ற இடத்திலிருந்து தெரிவது எதுவோ அது முழுக்க உள்ளே வந்தாக வேண்டும். கம்பெனிக்காரர்கள் கேட்டது ஒரு வேடிக்கைப் பொருள். ஆனால் அந்தப் பொருளின் வடிவம் ஒரு கடல் ஓவியரைக் கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்ப வைத்தது. இந்த ஓவியம் அவருடைய மற்ற ஓவியங்களைவிடப் பெரிதாக நிற்பதற்குக் காரணம் நீள உயரம் அல்ல, இந்தக் கட்டாயம்தான் என்பது என் கட்சி.

ஸ்கேவனிங்கனில் அப்போது துறைமுகம் கிடையாது. ஊர் முழுக்க மீன்பிடித் தொழில். கடலுக்குப் போகிற படகுகளோ நூற்றுக்கு மேல். கட்டிவைக்க ஒரு துறைச்சுவர்கூட இல்லை. நேர்க்கோடாக ஓடும் மணற்கரை, எதிரே அடைப்பு எதுவும் இல்லாத வடகடல். இந்த இடத்துக்கென்றே உருவான படகு 'பொம்'. அடிப்பாகம் தட்டை. நீளத்தில் பாதி அகலம். 12 மீட்டர் நீளமென்றால் அகலம் 6 மீட்டர் அளவுக்கு வரும். கனத்த மரத்தில் கட்டியது. அடியில் ஆழமான கட்டை இல்லாததால் காற்று பக்கவாட்டில் தள்ளிவிடாமலிருக்க இரு விலாவிலும் இரண்டு பெரிய மரப்பலகைகள் தொங்கும். கடலுக்குள் போனதும் இறக்குவார்கள், கரை நெருங்கும்போது தூக்கிவிடுவார்கள். அழகான படகு என்று யாரும் சொல்லமாட்டார்கள். வேகமும் இல்லை. ஆனால் அலையோடு வந்து மணலில் மோதினால் தாங்கும், தண்ணீர் வற்றினால் சாயாமல் அப்படியே உட்காரும்.

ஏற்றத்தண்ணீரில் கரை நோக்கி ஓட்டிவந்து தரைதட்ட விடுவார்கள். வற்றும்போது படகு ஈரமணலில் நிற்கும். குதிரைகள் கடலுக்குள் இறங்கும். இழுவைக்கும் ஏற்றி இறக்கவும் குதிரைதான். மீன் அங்கேயே மணலில் குவிக்கப்பட்டு ஏலம் போகும். அதன்பிறகு பெண்களின் வேலை: கூடையைச் சுமந்துகொண்டு ஹேக் நகருக்கு நடப்பது. ஊருக்கும் நகரத்துக்கும் நடுவே மணல்மேடுகளை வெட்டி 1665இலேயே கல்பாவிய நேர்சாலை போட்டிருந்தார்கள். அதைத் திட்டமிட்டுக் கொடுத்தவர் கான்ஸ்டான்டைன் ஹைகன்ஸ் என்ற கவிஞர். சாலை வழியே ஊருக்கு வந்தவர்கள் வேறு ரகம். கடற்காற்று வாங்க வந்த சீமான்கள், குளிக்க வந்த சீமாட்டிகள். 1864இல் நாட்டின் முதல் குதிரை டிராம் ஓடியதே ஹேக்கிலிருந்து இங்கேதான். கடைசியாக மறுபடி கடலுக்குப் போக வேண்டிய நாளில், முன்கூட்டியே ஆழத்தில் போட்டுவைத்த நங்கூரக் கயிற்றை இழுத்து இழுத்துப் படகைத் தண்ணீருக்குள் நகர்த்துவார்கள். குளிர்காலத்தில் எல்லாப் படகையும் மணல்மேட்டின் அடிவாரம்வரை ஏற்றி வைத்துவிடுவார்கள்.

மெஸ்டாக் தேர்ந்தெடுத்த இடம் செய்ன்போஸ்ட் என்ற மணல்மேடு. கடலில் இருக்கும் படகுகளுக்குச் சைகை காட்டும் கம்பம் நின்றதால் அந்தப் பெயர். ஊரிலேயே உயரமான மேடு. மேலே நின்றால் ஒருபுறம் கடலும் படகுகளும், இன்னொருபுறம் ஊர்க்கூரைகளும் பழைய கோயில் கோபுரமும், 1875இல் கட்டிய இரும்புக் கலங்கரை விளக்கமும், அரசி ஒருத்திக்காக 1820களில் மன்னர் கட்டிக்கொடுத்த ஓய்வு மாளிகையும், தூரத்தில் ஹேக் நகரத்து உச்சிகளும் ஒரே பார்வையில் கிடைக்கும். அந்த மேட்டை வெட்டிக் கட்டடம் எழுப்பும் பேச்சு அப்போதே அடிபட்டது. மெஸ்டாக்குக்கு அது பிடிக்கவில்லை. மேட்டைக் காப்பாற்ற முடியாவிட்டாலும் அதன்மேல் நின்று பார்த்தால் என்ன தெரிந்ததோ அதையாவது பிடித்துவைக்கலாம் என்ற எண்ணம் இந்த வேலைக்குள் இருந்தது.

பிடித்துவைப்பது எப்படி? ஒருவர் எட்டுப் பக்கமும் திரும்பி எட்டுத் தாளில் வரைந்து, தாள்களை ஒட்டி வட்டமாக்கினால் ஆகாது. ஒவ்வொரு தாளும் தன் நடுவை நோக்கித் தனித்தனியாகக் கோணம் பிடிக்கும். ஒட்டிய இடத்தில் கரைக்கோடு முறியும், தெரு மடங்கும். வளைந்த பரப்பில் காண்பதை வளைந்த பரப்பிலேயே வரைந்தாக வேண்டும். அதற்காக மேட்டின் உச்சியில் ஒரு கண்ணாடி உருளையை நிறுத்தினார்கள். மெஸ்டாக் அதற்குள் இருந்துகொண்டு, கண்ணாடிக்கு வெளியே தெரிந்ததைக் கண்ணாடிமேலேயே கோடாக இழுத்தார். பாய்மரம் எந்த இடத்தில் தெரிந்ததோ அந்த இடத்தில் ஒரு கோடு. கோபுரத்துக்கு ஒரு கோடு. அடிவானம் கண் மட்டத்தில் ஒரு நேர் வளையமாகச் சுற்றிவரும், செங்குத்துக் கோடுகளும் நேராகவே நிற்கும். மற்ற நேர்க்கோடுகளெல்லாம் உருளையில் வில்லாக வளையும். அந்த வளைவைத் திருத்தக்கூடாது. பெரிய வட்டச் சுவரில் பெருக்கி வைத்து, நடுவிலிருந்து பார்க்கும்போது அது தானாக நிமிரும். இந்த உருளையிலிருந்த கோடுகள்தான் பெருக்கப்பட்டுத் துணிக்குப் போயின.

இதிலிருந்து இன்னொரு விதி பிறக்கிறது. கட்டடத்துக்குள் பார்வையாளர் நிற்கிற மேடையின் உயரம் அடிவானத்தோடு பொருந்த வேண்டும். கண் அங்கே, அடிவானமும் அங்கே. ஆகவே மேடைதான் மணல்மேட்டின் உச்சி. மேடையைச் சுற்றிக் கீழே சரிவது அந்த மேட்டின் சரிவு.

துணி பெல்ஜியத்திலிருந்து வந்தது. பட்டைப் பட்டையாகத் தைத்து வளையமாக்கித் தொங்கவிட்டார்கள். 1881 வசந்தத்தில் தொடங்கி ஆகஸ்டுக்குள் முடிக்க வேண்டும். ஏறத்தாழ நான்கு மாதம். இந்த இடத்தில் மெஸ்டாக்கிடம் இருந்த வங்கிக்காரர் விழித்துக்கொண்டார் என்று நினைக்கிறேன். தன்னால் எது முடியும், எது முடியாது என்று பிரித்தார். கடலும் கரையும் படகும் தனக்கு. மற்றதைச் செய்ய ஆள் வேண்டும்.

ஊர்ப்பகுதியைப் பெரிதும் வரைந்தவர் சீன்ட்யே. கூரைகள், சுவர்கள், தெருக்கள். கடலில் ஒரு கோடு தப்பினால் அலை என்று விட்டுவிடலாம். வீட்டுக்கூரை தப்பினால் எட்டு வயதுப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். இருப்பதில் இடரான பகுதி அவருடையது. வானத்துக்கும் மணல்மேடுகளுக்கும் தியோஃபில் டெ பொக், வயது 30. வான வேலை லேசானதல்ல. இந்த ஓவியத்தில் மிகப் பெரிய பரப்பு வானம்தான், நூறு மீட்டருக்கு மேல் சுற்றி ஓடும் அந்தச் சாம்பல்நீலத்தில் ஓரிடத்தில் நிறம் தடித்தாலும் அது துணி என்று தெரிந்துபோகும். ஊர்ப்பகுதியிலும் மனித உருவங்களிலும் கைகொடுக்க, மணலில் பயிற்சி செய்யும் குதிரைப்படையை வரைய, ஜார்ஜ் ஹென்ட்ரிக் பிரைட்னர். அப்போது வயது 23. ஆம்ஸ்டர்டாம் தெருக்களை வரைந்து அவர் பெயரெடுத்தது பிறகு. மீனவக் குடும்பங்களை வரைவதில் கைதேர்ந்த பெர்னார்ட் புளோமர்ஸ் ஓர் உருவத்தை வரைந்து கொடுத்தார்: ஸ்கேவனிங்கன் பெண்கள் உடுக்கும் உடையில் ஒரு பெண், கூடவே ஒரு குழந்தை. அளவுகளும் கோணங்களும் பிசகாமல் பார்த்துக்கொள்ள அட்ரியானஸ் நைபெர்க் இருந்தார்.

இத்தனை கைகள் வந்ததற்கும் வட்டம்தான் காரணம். கடலை மட்டும் வரைய மெஸ்டாக் ஒருவர் போதும். அவர் முதுகுக்குப் பின்னால் இருந்த உலகம் அவருக்குக் கைவராதது. வாசல் பலகையில் அவர் பெயர் மட்டும் இருப்பது வழக்கத்தை ஒட்டியதே. குழுவாக வரைந்த பனோரமாக்கள் பெரும்பாலானவற்றில் அப்படித்தான். ஆனால் சீன்ட்யேயை அவர்கள் ஓவியத்துக்குள்ளேயே வைத்திருக்கிறார்கள். கீழே கடற்கரை மணலில் வெள்ளைக் குடைக்கு அடியில், முன்னால் ஓவியப்பலகை வைத்து ஒரு பெண் உட்கார்ந்து வரைந்துகொண்டிருக்கிறாள். அவர்தான். கணவர் மேட்டின் மேல், நம் இடத்தில். மனைவி கீழே, படகுகளுக்குப் பக்கத்தில். இருவரில் யாருக்கு நல்ல இடம் கிடைத்தது என்று யோசித்தால் எனக்கு மணல்தான் என்று படுகிறது.

கண்ணை ஏமாற்றும் வேலையின் பாதி துணியில் இல்லை. சீட்டு வாங்கி உள்ளே போனால் முதலில் இருட்டான ஒரு வழி. வெளித்தெருவின் வெளிச்சத்தை அங்கே கண் மறந்துவிடும். பிறகு சுழல்படி. ஏறி வெளியே வந்தால் மரத்தாலான சிறு மண்டபம், சுற்றிக் கடலும் வானமும். தலைக்குமேல் விரித்த கூரை துணியின் மேல்விளிம்பை மறைத்துவிடுகிறது. கீழ்விளிம்பை மறைப்பது மணல். நிஜ மணல். மண்டபத்தின் காலடியிலிருந்து துணிவரைக்கும் கொட்டியிருக்கிறது; அதில் உலர்ந்த புல், வலை, நங்கூரம், கரையொதுங்கிய மரத்துண்டுகள். நிஜ மணல் எங்கே முடிந்து தீட்டிய மணல் தொடங்குகிறது என்று கண்டுபிடிக்க எல்லோரும் கம்பியில் சாய்ந்து எட்டிப் பார்ப்பார்கள். தூரத்தைக் கணிக்க ஒரு தெளிவான விளிம்போ சட்டமோ கண்ணுக்கு உதவும். அது இரண்டுமே இல்லாததால் சற்றுத் தள்ளித் தொங்கும் துணி, பல மைல் தள்ளி இருக்கும் அடிவானமாகிவிடுகிறது. வெளிச்சம் மேற்கூரைக் கண்ணாடி வழியே வரும் பகல் வெளிச்சம். வெளியே ஒரு மேகம் சூரியனைக் கடந்தால் உள்ளே கடல் கறுக்கும். மேகம் போனதும் படகுகளின் விலாவில் வெயில் திரும்பும். மின்விளக்கை நம்ப முடியாத காலத்து ஏற்பாடு இது. இன்றைய ஒளியமைப்பாளர் யாரும் இதைவிட நன்றாகச் செய்துவிட முடியுமென்று தோன்றவில்லை.

1881 ஆகஸ்ட் 1ஆம் தேதி திறந்தார்கள். அந்த மாதமே வந்து பார்த்தவர்களில் ஒருவர் 28 வயது வின்சென்ட் வான் கோ. வரைவதென்று அவர் முடிவெடுத்து ஓராண்டுதான் ஆகியிருந்தது; எண்ணெய் வண்ணத்தை இன்னும் சரியாகத் தொடவில்லை. கூடப் போனவர் வானம் வரைந்த டெ பொக். ஓவியத்தின்மேல் தனக்குண்டான மரியாதையைத் தம்பிக்கு எழுதிய கடிதத்தில் சொன்னார். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவரே அதே ஸ்கேவனிங்கன் கடற்கரையில் புயல்காற்றில் நின்று ஒரு சிறிய கடலை வரைந்தார். காற்றடித்த மணல் ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. சில துகள் இன்றும் அதில் இருக்கின்றன. 2002இல் ஆம்ஸ்டர்டாம் அருங்காட்சியகத்திலிருந்து திருடுபோய் 2016இல் நேப்பிள்ஸ் பக்கம் கிடைத்தது அந்த ஓவியம்தான். அதுவும் கடலையும் ஒரு பொம் படகையும் கரையில் நிற்கும் மக்களையும் பற்றியது. தோளுயரத் துணிகூட அதற்குத் தேவைப்படவில்லை.

கம்பெனி விஷயம் அவ்வளவு நன்றாகப் போகவில்லை. பார்க்க வேண்டியவர்கள் ஒருமுறை பார்த்துவிட்டார்கள். உள்ளூர்க்காரருக்கு டிராமில் ஏறினால் நிஜக் கடற்கரையே இருந்தது. 1886இல் நிறுவனம் திவாலாயிற்று. வழக்கப்படி நடந்திருந்தால் துணி சுருட்டப்பட்டு ஏதோ ஓர் ஊருக்குப் போய், அங்கிருந்து இன்னோர் ஊருக்குப் போய், கடைசியில் கிழிந்து கிடங்கில் மக்கியிருக்கும். அந்தக் காலத்துப் பனோரமாக்களில் மிகப் பெரும்பாலானவற்றுக்கு அதுதான் நேர்ந்தது. மெஸ்டாக் ஏலத்தில் தன் ஓவியத்தைத் தானே வாங்கினார். லாபம் வராது என்று தெரிந்து வாங்கினார், வரவில்லை, ஆண்டுதோறும் கைக்காசு போட்டு நடத்தினார். வங்கியில் வேலை பார்த்தவர் கணக்கு தெரியாமல் செய்ததல்ல.

ஏலம் நடந்தபோதே ஓவியத்திலிருந்த கரை மாறத் தொடங்கியிருந்தது. 1885இல் குர்ஹவுஸ் என்ற பிரம்மாண்டமான சொகுசு விடுதி கடற்கரையில் எழுந்துவிட்டது. இன்று ஸ்கேவனிங்கன் என்றதும் எல்லா அஞ்சலட்டையிலும் வருகிற கட்டடம் அது. ஓவியத்தில் அது இல்லை, நான்கு வருடம் முந்தி வரைந்ததால் தப்பித்தது. செய்ன்போஸ்ட் மேடும் தன் பழைய உருவத்தை இழந்து கட்டடங்களுக்கு இடமாயிற்று. மெஸ்டாக் கண்ணாடி உருளையோடு நின்ற உச்சிக்கு இப்போது யாரும் ஏற முடியாது, ஸேஸ்ட்ராட் தெருவில் சீட்டு வாங்கினாலொழிய.

படகுகளை முடித்துவைத்தது காற்று. 1894 டிசம்பர் 22, 23 தேதிகளில் வடமேற்கிலிருந்து பெரும்புயல் வந்தது. குளிர்கால வழக்கப்படி பொம் படகுகள் மேட்டடியில் வரிசையாக ஏற்றி வைக்கப்பட்டிருந்தன. அலை அதுவரை ஏறி வந்து படகுகளைத் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக மோதவிட்டது. பல உடைந்தன, சேதமில்லாதது சொற்பம். தட்டையான அடி கரையில் பாதுகாப்பு என்ற நம்பிக்கை அந்த ஒரு இரவோடு போயிற்று. துறைமுகம் வேண்டும் என்று மீனவர்களும் படகுச் சொந்தக்காரர்களும் நெடுநாளாகக் கேட்டுக்கொண்டிருந்ததற்கு இப்போது மறுப்புச் சொல்ல ஆளில்லை. 1904இல் ஸ்கேவனிங்கனின் முதல் துறைமுகம் திறந்தது. துறைமுகம் வந்தபின் மணலில் உட்காரும் படகு எதற்கு? ஆழ அடியும் வேகமும் உள்ள லக்கர் என்ற பாய்க்கப்பல்கள் அந்த இடத்தைப் பிடித்தன. சில ஆண்டுகளில் பொம் கட்டுவதே நின்றுவிட்டது. இழுவைக் குதிரைகளின் வேலையும் மணலில் நடந்த ஏலமும் அதோடு போயின.

இப்போது அந்தப் படகின் கட்டுமானம் பற்றித் தெரிந்துகொள்ள வருகிறவர்கள் மெஸ்டாக் துணியை உற்றுப் பார்க்கிறார்கள். அவர் ஆவணம் செய்ய உட்கார்ந்தவரல்ல. ஆனாலும் பத்தாண்டுகளாகத் தினமும் பார்த்த பொருள் அது. பலகை எந்தக் கோணத்தில் தொங்கும், பாயைச் சுருட்டினால் எங்கே தொய்யும் என்பதெல்லாம் அவர் கைக்குத் தெரியும். சட்டமிட்ட ஓவியங்களில் படகை அலையின்மேல் அழகாகச் சாய்த்துக் காட்டியவர், இங்கே மணலில் வெறுமனே உட்கார்ந்திருக்கும் படகுகளை வரிசையாக வரைய வேண்டியிருந்தது. மேலிருந்து பார்த்தால் பெரும்பாலானவை அப்படித்தான் கிடந்தன. ஓய்வு மாளிகையின் பக்கத்திலேயே மீனவர் குடியிருப்பின் தாழ்ந்த கூரைகள் வருவதும், குதிரைப்படை ஓடுகிற அதே மணலில் வேலைக்காரப் பெண்கள் நடப்பதும் யாரும் யோசித்து வைத்த முரண் அல்ல. அன்று அந்த மேட்டிலிருந்து அப்படித் தெரிந்தது, வெட்ட ஓரம் இல்லை.

1887இல் மெஸ்டாக் தம்பதி தங்கள் வீட்டை ஒட்டித் தாங்கள் சேர்த்த ஓவியங்களுக்காக ஓர் அருங்காட்சியகம் கட்டினார்கள். 1903இல் அதை அரசுக்குக் கொடுத்துவிட்டார்கள். சீன்ட்யே 1909இல் காலமானார். பனோரமாவை மெஸ்டாக் அரசிடம் விடவில்லை. 1910இல், 79 வயதில், ஒரு குடும்ப நிறுவனம் அமைத்துப் பங்குகளைத் தன் உறவினர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார். ஐந்து ஆண்டுகள் கழித்து இறந்தார். 1990களில் துணி முழுவதையும் சீர்செய்தார்கள்.  கட்டடத்தின் சொந்தக்காரர்கள் இன்றும் அந்தக் குடும்ப நிறுவனம்தான். பங்கு வைத்திருக்கிறவர்கள் அந்த உறவினர்களின் வழிவந்தவர்கள். நுழைவுச்சீட்டு வருமானத்தில் கூரைக்கண்ணாடியைத் துடைக்கிறார்கள், மணலைச் சமப்படுத்துகிறார்கள்.